இடது கைக்கு ஒரு பாளை அருவா

பனை விதை ஊன்றுவதைப் பற்றி நம்மிடையே பேச்சுக்குக் குறைவில்லை. கண்மாய்க்கரை, ஓடைக்கரை, வரப்பு என்று இளைஞர்கள் சாக்குச் சாக்காகக் கொண்டுபோய் ஊன்றுகிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை வந்தபோது 76 லட்சம் பனை விதைகள், ஒரு லட்சம் கன்றுகள் தருவதாக அறிவித்தார்கள். மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றும் சொன்னார்கள். எல்லாம் நல்ல செய்திதான். ஊன்றிய விதை மரமாகிப் பாளை விட பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும். அன்றைக்கு அந்த மரத்தில் ஏற ஆள் இருக்குமா, ஏறியவர் கையில் பாளை சீவ ஒரு ஒழுங்கான அருவா இருக்குமா என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஏறுகிற ஆள் பற்றியாவது அவ்வப்போது பேசுகிறோம். அருவாளைப் பற்றி வாயே திறப்பதில்லை. போன மார்கழியில் ஒரு பாளை அருவா செய்யச் சொல்லி, அதற்குப் பெட்டியும் கட்டி வாங்கியபோதுதான் எனக்கும் அதன் அருமை தெரிந்தது. வங்கியில் 34 வருஷம் கடன் கொடுத்த கை இது. டிராக்டருக்குக் கொடுத்திருக்கிறேன், மோட்டாருக்குக் கொடுத்திருக்கிறேன், சொட்டுநீருக்குக் கொடுத்திருக்கிறேன். பனையேறியின் அருவாளுக்குக் கடன் கேட்டு ஒரு விண்ணப்பமும் என் மேசைக்கு வந்ததில்லை.

எங்கள் தோட்டம் கள்ளிக்குடிப் பக்கம், கரிசல். வரப்பில் 46 பனைகள் நிற்கின்றன, எல்லாம் என் தாத்தா காலத்து மரம். தை பிறந்தால் சாயல்குடிப் பக்கமிருந்து ஒரு பனையேறி குடும்பத்தோடு வந்து தங்கி, ஆனி வரை பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவார். அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் சார். எத்தனை சொல்லியும் அந்த சாரை விடமாட்டேன் என்கிறார். இரண்டு வருஷமாக அவருடைய அக்கா மகனும் கூட வருகிறான். 24 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு, "இனி அங்க போகல மாமா" என்று வந்துவிட்டவன். மரம் ஏறுவதில் பயமில்லை. முதல் வருஷமே தளைநாரும் முருக்குத்தடியுமாக விறுவிறுவென்று ஏறிவிட்டான். சீவுவதில்தான் சிக்கல். அவன் சீவிய பாளையெல்லாம் பத்துப் பதினைந்து நாளில் சுருங்கிக் காய்ந்துபோனது.

"கை வரலை சார். திருப்பூருக்கே போகட்டும்" என்றார் மாமன். பையன் ஒன்றும் பேசவில்லை.

காரணம் கைதான், ஆனால் மாமன் நினைத்த காரணம் இல்லை. பையனுக்கு இடது கைப் பழக்கம். மாமனுடைய பழைய அருவாளைத்தான் அவன் வைத்திருந்தான்.

பாளை சீவுவது எப்படி நடக்கிறது என்று பனை இல்லாத ஊர் உழவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வெளியே வந்த பாளையைக் கடிப்பு என்னும் மர இடுக்கியால் நாள்கணக்கில் நசுக்கிப் பதப்படுத்தி, கட்டி, நுனியைச் சீவி விடுவார்கள். சீவிய வாயிலிருந்து பதநீர் சொட்டும். அந்த வாய் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும் என்பதால் காலையிலும் மாலையிலும் மறுபடி ஒரு மெல்லிய சீவல் எடுக்க வேண்டும். மெல்லிய என்றால் வெங்காயத் தோல் மாதிரி. பாளைக்குள் நீர் வரும் நுண்குழாய்களை அருவா அறுக்க வேண்டும், நசுக்கக் கூடாது. மழுங்கின அருவா நசுக்கும். நசுங்கின வாய் சீக்கிரம் அடைக்கும். அடைத்ததைத் திறக்கத் தடியாகச் சீவ வேண்டிவரும். தடியாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். ரப்பர் தோட்டத்திலும் இதே சங்கதிதான். 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் இருந்த ரிட்லி என்பவர், பட்டையை வெட்டிக் காயப்படுத்தாமல் ஒவ்வொரு தடவையும் ஒரு மெல்லிய சீவல் மட்டும் எடுக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் மரம் சாகாமல் வருஷக்கணக்கில் பால் தந்தது. நம் பனையேறிகள் அதைப் புத்தகம் போட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பழைய வேலைப் புத்தி, ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பாளையில் சீவத்தக்க நீளம் ஓரடி, அதாவது 300 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு இரண்டு சீவல். சீவல் ஒன்று 2 மில்லிமீட்டர் என்றால் பாளை 75 நாள் ஓடும். 3 மில்லிமீட்டர் ஆனால் 50 நாளில் முடிந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கு 25 நாள் போச்சு. ஒரு பாளை நாளைக்கு அரை லிட்டர் தருவதாக வைத்தால் பன்னிரண்டரை லிட்டர். நான் பதநீர் விற்பது லிட்டர் 80 ரூபாய். ஒரு பாளையில் ஆயிரம் ரூபாய் காற்றோடு போகிறது. மரத்துக்கு எத்தனை பாளை, தோட்டத்துக்கு எத்தனை மரம் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

அந்த ஒரு மில்லிமீட்டர் அருவாளின் வாயில் இருக்கிறது. எங்கள் பனையேறி அண்ணன் வைத்திருக்கும் பாளை அருவாளுக்கு ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் மட்டும் சாய்வு. தச்சர் உளியைப் பார்த்திருப்பீர்களே, அது மாதிரி. தட்டைப் பக்கம் பாளையோடு ஒட்டிப் போகும், சாய்வுப் பக்கம் சீவலை வெளியே தள்ளும். வலது கைக்காரர் பிடித்தால் இது தானாக அமைந்துவிடும். அதையே இடது கையில் பிடித்தால் சாய்வு பாளைப் பக்கம் போய்விடுகிறது. அருவா ஒட்டாமல் ஒன்று மேலே வழுக்குகிறது, இல்லை உள்ளே தோண்டுகிறது. பையன் இரண்டு வருஷமாகப் போராடியது இதோடுதான். ஜப்பானில் சமையல்காரர்கள் வைத்திருக்கும் ஒரு பக்கச் சாய்வுக் கத்திகளை இடது கைக்காரர்களுக்கென்று தனியாகச் செய்கிறார்கள், விலையும் கூடுதல். நம் ஊரில் இடது கைக்காரனைப் பார்த்து "கையை மாத்து" என்று சொல்வதோடு சரி.

மதுரைக் கடைகளில் தேடிப் பார்த்தோம். வெட்டருவா இருக்கிறது, கதிர் அருவா இருக்கிறது, பளபளவென்று பிளாஸ்டிக் பிடி போட்ட சமையல் கத்தி இருக்கிறது. பாளை அருவா என்று கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள். இடது கைக்கு என்றால் சிரிக்கிறார்கள். கடையில் கிடைக்கிற சாமான் இல்லை இது. கொல்லரிடம் உட்கார்ந்து அடித்து வாங்க வேண்டியது. அப்படித்தான் திருப்பாச்சேத்திக்குப் போனோம்.

மதுரையிலிருந்து இராமேசுவரம் போகும் சாலையில் கீழடிப் பிரிவு, திருப்புவனம் எல்லாம் தாண்டி, சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது திருப்பாச்சேத்தி. சிவகங்கை மாவட்டம். திருப்பாச்சி அருவா என்றாலே வெட்டுக்குத்து என்று வெளியூர்க்காரர்கள் மனதில் சினிமா பதித்துவிட்டது. 2005-இல் அந்தப் பெயரிலேயே படமும் வந்தது. ஊருக்குள் போய்ப் பார்த்தால் பட்டறைகளில் அடிப்பது கதிர் அருவா, வெட்டருவா, மண்வெட்டி, கோடாலி. அதற்கடுத்து சாமி அருவா. நாங்கள் போன பட்டறைச் சுவரில் ஆளுயரத்துக்கு மேல் இரண்டு அருவா சாய்ந்து நின்றன. கருப்பசாமிக்கு நேர்த்திக்கடன். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பன் தொடங்கி நம் வட்டாரத்துக் காவல்தெய்வம் எதற்கும் அருவா சாத்துவது வழக்கம் ஆயிற்றே. "சாமி அருவாதான் இன்னைக்குச் சோறு போடுது. சம்சாரி அருவா வாங்க வந்தா பத்து ரூவாய்க்கு மல்லுக்கட்டுவாரு. சாமிக்கு வாங்குறவரு பேரமே பேசமாட்டாரு" என்றார் கொல்லர். சம்சாரியாகிய நான் பதில் சொல்லவில்லை.

அவருக்கு அறுபத்தைந்து இருக்கும். அவர் சம்சாரம்தான் சம்மட்டி அடிக்கிறார். நாங்கள் உட்கார்ந்ததும் அந்த அம்மா முதலில் ஒரு நீள நோட்டை எடுத்து நீட்டினார். பெயர், ஊர், கைபேசி எண், என்ன சாமான், எதற்கு. ஆதார் நகலும் கேட்டார். 2021-இல் காவல்துறை மாநிலம் முழுக்க ரவுடிகளைப் பிடித்து ஆயுதங்களைப் பறிமுதல் செய்தபோது, அருவா, கத்தி செய்பவர்களும் விற்பவர்களும் வாங்குவோர் விவரத்தை எழுதிவைக்க வேண்டும் என்று சொன்னார்கள். வாழ்நாளெல்லாம் மற்றவர்களிடம் கே.ஒய்.சி. கேட்டவன் நான், எழுதிக் கொடுத்தேன். 'எதற்கு' என்ற இடத்தில் 'பனம்பாளை சீவ' என்று எழுதினேன். அந்த அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இந்த நோட்டுல இப்படி யாரும் எழுதுனதில்ல" என்றார்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் பயப்பட வேண்டியதில்லை. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், ஆயுதம் என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே, வீட்டு வேலைக்கும் விவசாய வேலைக்கும் மட்டும் என்று செய்யப்பட்ட பொருட்களை விலக்கிவைத்திருக்கிறது. அதற்காகத் தீட்டிய அருவாளை வண்டி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு மதுரை வழியாகப் போகலாம் என்று அர்த்தமில்லை. வேலைக்கான சாமான் வேலைக்கான சாமானாகத் தெரிய வேண்டும். சாக்கில் சுற்றிக் கட்டி, பட்டறைச் சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் நிறுத்திக் கேட்டால் பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடியும்.

கொல்லர் பாளை அருவா அடித்து ஆறேழு வருஷம் ஆகிவிட்டதாம். கேட்டு யாரும் வரவில்லையாம். பனையேறி அண்ணன் தன்னுடைய அருவாளை எடுத்துக் கொடுத்தார். கொல்லர் அதை மூக்கிலிருந்து காம்பு வரை கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். பிறகு பையனைக் கூப்பிட்டு ஒரு பச்சைத் தென்னமட்டையைக் கொடுத்துச் சீவச் சொன்னார். ஐந்தாறு சீவல் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கை அகலத்தை நூலால் அளந்தார். அப்புறம் ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் அருவா உருவத்தை வரைந்தார், கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றி. "வளைவு கொஞ்சம் நிமிந்து இருக்கட்டும். தம்பிக்கு மணிக்கட்டு மடங்குறது கம்மி" என்றார். எந்தத் தொழிற்சாலைக் கத்திக்கும் இப்படி ஒருவன் மணிக்கட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரும்பு, கார் வில்லுப்பட்டை. வெட்டருவாளுக்கு லாரிப் பட்டை எடுப்பார்கள், பாளை அருவாளுக்கு அவ்வளவு கனம் வேண்டாம். பட்டை உருக்கில் கரிச்சத்து அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அதனால்தான் தோய்ச்சல் போட்டால் வாய் கெட்டிப்படுகிறது. அவருடைய அப்பா காலத்தில் பச்சிரும்புக்கு நடுவே ஒரு துண்டு உருக்கை வைத்து அடிப்பார்களாம். பழைய வண்டிகள் உடைபட ஆரம்பித்த பிறகு பட்டை மலிவாகக் கிடைத்தது, அந்த வேலை நின்றுபோனது. கொடுமணலில் உருக்குச் செய்த உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மைக்கேல் ஃபாரடே லண்டனில் உட்கார்ந்து நம் நாட்டு உருக்கை ஆராய்ந்தார். அந்தப் பெருமையெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். இன்றைக்கு இந்தப் பட்டறையில் உருக்கைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் சம்மட்டி பிடித்து நிற்கிறார்.

கரி, சீமைக்கருவேலங்கரி. நம் நிலத்தில் வேரோடு பிடுங்கி எறிகிறோமே, அதே மரம். மானாமதுரைப் பக்கம், இராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டுச் சுட்டு எடுப்பது. துருத்திக்குப் பதில் இப்போது சிறிய மோட்டார் காற்றாடி. பட்டையை உலையில் வைத்து, செவ்விளநீர் நிறம் வந்ததும் எடுத்துப் பட்டடையில் போட்டார். அவர் சுத்தியலால் தொட்டுக் காட்டுகிற இடத்தில் அந்த அம்மா சம்மட்டி இறக்கினார். இருவருக்கும் இடையில் பேச்சே கிடையாது. சுத்தியல் பட்டடையில் 'டிங்' என்று தனியாக ஒலித்தால் நிறுத்து என்று அர்த்தம். இரும்பு கறுத்ததும் அடிப்பதை நிறுத்திவிடுவார். ஆறின இரும்பை அடித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், ஒரு வருஷம் கழித்து அந்தக் கீறல் பேசும் என்றார். வடிவம் வந்ததும் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டார். பிறகு அரத்தால் ராவி வாய் இறக்கினார். சாய்வு எந்தப் பக்கம் என்று பனையேறி அண்ணன் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை கொல்லர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவர் வெளியே பீடி குடிக்கப் போய்விட்டார்.

தோய்ச்சல் போடுவதை மட்டும் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தார். வெளிச்சத்தில் இரும்பின் நிறம் ஏமாற்றும். பொழுது சாய்ந்து, பட்டறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தி, அருவாளை உலையில் வைத்தார். "பழுத்த மொளகா நெறம் வந்தா போதும். செவ்வெளநி ஆச்சுன்னா கத்தி செத்துப்போச்சு" என்றார். அடிக்கும்போது நல்லதாக இருந்த அதே சூடு இப்போது ஆகாது. அளவுக்கு மீறிச் சூடேறினால் உருக்கின் மணி பெருத்துவிடும், வாய் பொலபொலவென்று உதிரும். ஒரு பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டி வைத்திருந்தார். அதைக் கிட்டே கொண்டுபோனார், ஒட்டவில்லை. சுமார் 770 டிகிரி சூட்டில் இரும்பு காந்தத்துக்குப் பிடிகொடுக்காது. அதற்கு மேல் கொஞ்சம் ஏறினால் தோய்க்கும் பதம். வெப்பமானி இல்லாத பட்டறைக்கு நிறமும் காந்தமுமாக இரண்டு சாட்சி.

தண்ணீரில் தோய்த்தால் மெல்லிய அலகு விரிசல் விடும் என்று எண்ணெயில்தான் தோய்த்தார். செக்கில் அடியில் நின்ற கடலை எண்ணெய்க் கசண்டை நான் ஒரு கேன் கொண்டுபோயிருந்தேன். வாயை மட்டும் முதலில் இறக்கி, எண்ணி ஐந்து விநாடி கழித்து முழுதும் முக்கினார். பட்டறை முழுக்க வடை சுட்ட வாசம். எடுத்த அருவா இப்போது கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் உடைந்துவிடும். அதனால் செங்கல் துண்டால் தேய்த்து வெள்ளையாக்கி, பழுக்கக் காய்ச்சிய ஓர் இரும்புக் கட்டியின்மேல் முதுகுப் பக்கத்தை வைத்தார். முதுகிலிருந்து வாயை நோக்கி நிறங்கள் ஓடிவந்தன. முதலில் வைக்கோல், பின்னால் பழுப்பு, அதன் பின்னால் கத்தரிப்பூ, கடைசியில் மயில்கழுத்து நீலம். வைக்கோல் நிறத்துக்கு 220, 230 டிகிரி. நீலத்துக்கு 300. வைக்கோல் நிறம் வாய்க்கு வந்துசேர்ந்த கணத்தில் மறுபடி எண்ணெயில் போட்டார். வாய் கெட்டியாக நின்றது, முதுகு நீலமாகி வளைந்து கொடுக்கும் பதத்துக்கு வந்தது. அரை நிமிஷம் கூட இல்லை. அந்த அரை நிமிஷத்தில் நாங்கள் மூன்று பேரும் மூச்சு விட்டோமா என்று தெரியாது.

பிடிக்குப் பூவரசு. கனமில்லை, லேசில் பிளக்காது. பனங்கட்டையில் பிடி போடலாமே என்று பையன் ஆசையாகக் கேட்டான். "சிலும்பும்யா, கை கிழியும்" என்று முடித்துவிட்டார். பூண் மாட்டி, காம்பைச் சூடாக்கி இறக்கினார்.

விலை 1,800 ரூபாய். பட்டை 150, கரி 250, பிடி, பூண், அரத் தேய்மானம் 100. மீதி 1,300. இரண்டு பேருக்கு முழுசாக ஒரு நாள் வேலை. எங்கள் ஊரில் ஆண் கூலி 700, பெண் கூலி 400, ஆக 1,100. பட்டறைக்கு நின்றது 200. தொழில் தெரிந்த கொல்லருக்கும் அவர் சம்சாரத்துக்கும் களைவெட்டும் கூலி போட்டுத்தான் இந்தக் கணக்கு. இதில் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லி நின்றால் நாளைக்கு நாம் சாமி அருவாளைத்தான் வாங்கி வரப்பில் நட்டுவைக்க வேண்டும்.

இனி பெட்டி. பனையேறிக்கு அருவாப்பெட்டி என்பது அழகுக்கு இல்லை. இரண்டு கையும் மரத்தில் இருக்கும்போது சவரக்கத்தி மாதிரி கூர்மையான ஒன்று இடுப்பில் தொங்குகிறது. தவறி விழுந்தால் கீழே நிற்பவர் உயிர், உள்ளே ஆடினால் தன் தொடை. வாய் எதிலும் மோதி மழுங்காமலும் இருக்க வேண்டும். ஊருக்கு ஊர் இதைச் செய்யும் விதம் மாறுகிறது. இந்தப் பெட்டியைத் தானே செய்வதாகப் பனையேறி அண்ணன் சொல்லிவிட்டார். திருப்பூருக்குப் போகச் சொன்னவர்தான்.

நன்றாக முற்றிய தென்னம்பாளை இரண்டை எடுத்துக் கிணற்றுத் தொட்டியில் இரண்டு நாள் ஊறப்போட்டார். இளகியதும் ஓர் உருட்டுக் கட்டையைச் சுற்றி வளைத்துக் கட்டி நிழலில் காயவிட்டார். வெயிலில் வைத்தால் வெடித்துவிடுமாம். பனைமட்டையிலிருந்து உரித்த அகணி நாரால் ஓரங்களைத் தைத்தார். அந்தத் தையல் என் மனைவி தையல் எந்திரத்தில் போடுவதைவிட நேராக இருந்தது, இதை அவளிடம் சொல்லவில்லை. அடியில் ஒரு கல்யாண முருங்கைக் கட்டை. மெத்தென்ற மரம், அருவா மூக்கு இறங்கி நின்றாலும் மழுங்காது. மழைத்தண்ணீர் வடிய இரண்டு துளை. உள்ளே நடுவே ஒரு தடுப்பு, ஒரு பக்கம் பாளை அருவா, மறு பக்கம் மட்டை கழிக்கும் கனத்த அருவா. சுண்ணாம்புச் சிமிழுக்கு வெளியே தனியாக ஒரு வளையம். அருவாளோடு சுண்ணாம்பையும் பதநீரையும் சேரவிட்டால் துரு ஒரு வாரத்தில் வந்துவிடும். கயிறு கட்டும் காதுகள்கூட இடது இடுப்புக்குத் தக்கபடி சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. இத்தனையும் வேலைக்கு. கடைசியில் வேலைக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று செய்தார். குருத்தோலையில் ஒரு மூடி முடைந்தார். பன்னாடையை அலசிக் காயவைத்து உள்ளே மெத்தை போட்டு, அருவாளை அதில் சுற்றி வைத்தார். மரத்தில் ஏறும்போது மூடி எதற்கு என்று கேட்டேன். "குடுக்கும்போது மூடி இருக்கணும்ல சார்" என்றார்.

தை இரண்டாம் வாரத்தில் தோட்டத்து மூலையில் உள்ள கருப்பன் கல்லுக்கு முன்னால் பெட்டியை வைத்துச் சூடம் காட்டி, மருமகன் கையில் கொடுத்தார். பெட்டிக்கு நான் கொடுத்த 600 ரூபாயை வாங்க மறுத்தார். கருப்பட்டிக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

பையனுக்குப் பிரித்துக் கொடுத்தது 12 மரம். முதல் நாள் அவன் சீவிய சீவலை மாமன் கீழே நின்று பொறுக்கி, வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். மாசி, பங்குனி தாண்டியும் அந்தப் பாளைகள் ஓடின. சித்திரையில் நான் போய்ப் பார்த்தபோது தைக் கடைசியில் கட்டிய பாளைகளில் பாதிக்கு மேல் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. மூன்று பாளை மட்டும் காய்ந்திருந்தது. அது வண்டு வேலை என்றான் பையன். மாமனும் வண்டுதான் என்றார்.

தினமும் சாயங்காலம் தீட்டுகிறான். வெங்கச்சங்கல்லை இடித்துச் சலித்த பொடியை ஒரு மெல்லிய மரப்பலகையில் தூவி, தட்டைப் பக்கத்தைப் படிய வைத்து இழுக்க வேண்டும். சாய்வுப் பக்கத்துக்கு அதன் சரிவு மாறாமல் நாலு இழுப்பு போதும். அந்தக் கல் தோய்ச்சல் போட்ட உருக்கையும் கீறும் கெட்டி உள்ளது. கடையில் விற்கும் சாணை எந்திரத்தில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பொறி பறக்கும் சூட்டில் வாய் நீலமாகிவிட்டால் கொல்லர் போட்ட தோய்ச்சல் போச்சு, மறுபடி உலைக்குத்தான் போக வேண்டும். வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். சீசன் முடிந்தால் வேப்பெண்ணெய் தடவிப் பன்னாடையில் சுற்றிவைக்கலாம். பெட்டியை அடுப்புப் பரணில் வைத்தால் புகை பட்டுப் பூச்சி அண்டாது.

வைகாசியில் மட்டை அருவாளுக்குப் பிடி மாற்றத் திருப்பாச்சேத்திக்குப் போனோம். சுவரில் கரியால் வரைந்த உருவத்தைக் கொல்லர் அழிக்கவில்லை. பக்கத்தில் 'இடது' என்று எழுதி வைத்திருந்தார். எங்கள் பக்கத்து ஊர்ப் பனையேறிகள் இரண்டு பேர் இப்போது பாளை அருவா வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், இருவருக்கும் வலது கைதான். ஆடி முடியும்வரை சாமி அருவா வேலை நெருக்கும், அதற்குப் பிறகுதான் எடுப்பேன் என்கிறார் கொல்லர். பாளை அருவா தேவைப்படும் உழவர்கள் உங்கள் பனையேறியையும் அழைத்துக்கொண்டு நேரில் போங்கள், கையைப் பார்க்காமல் அவர் அடிக்கமாட்டார். ஐப்பசிக்குள் சொல்லிவிட்டால் மார்கழிக்கு அருவா கைக்கு வந்துவிடும். பெட்டிக்குத் தென்னம்பாளையை இப்போதே எடுத்து நிழலில் போட்டுவையுங்கள்.